மூன்றில் ஒரு பாகம்

கோவை, ஈரோடு பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் சேர்ந்தே வரும்: கிணற்றிலும் மோட்டாரிலும் 3-ல் 1 பாகம் என்று. அந்தப் பாகத்துக்குத் தக்கபடிதான் தண்ணீர் முறை. வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பங்காளிகள் என்றால் ஆளுக்கு 56 மணி. (அதில் கரண்ட் எத்தனை மணி இருக்கும் என்பது தனிக்கதை.)

இதைத் தரவுத்தளத்தில் ஏற்றுபவர் பங்கு என்ற கட்டத்தில் 33.33 சதவீதம் என்று போட்டால், ஆளுக்கு 55.9944 மணிதான் வரும். தலைக்கு 20 விநாடி குறைச்சல். மூவருக்கும் சேர்த்து வாரம் ஒரு நிமிடத் தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லை. தண்ணீர் போனால் போகட்டும். பங்குகளின் கூட்டுத்தொகை 100 வருகிறதா என்று மென்பொருள் சரிபார்த்தால், 99.99-ஐக் கண்டதும் பதிவையே தள்ளிவிடும். இன்னும் பத்து இலக்கம் சேர்த்தாலும் இந்தத் தொல்லை தீராது.

எண்சுவடி என்னும் பழைய வாய்பாட்டில் கணக்குப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றின் பகுதி எண்களில் 2-ம் 5-ம் தவிர வேறு காரணி கிடையாது. அதனால் முந்திரியும் 0.003125 என்று தசமத்தில் மிச்சமின்றி முடிந்துவிடுகிறது. அந்த வரிசையில் மூன்றிலொன்று இல்லை. குடும்பங்களில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

கணினி இன்னும் கறார். அதன் உள்கணக்கு இரண்டின் அடுக்குகளில் நடப்பதால் வீசம் அப்படியே அடங்கும், பத்திலொன்று அடங்காது. 1991 வளைகுடாப் போரில், சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு பத்திலொரு விநாடியைத் துண்டித்து வைத்திருந்தது. 100 மணி நேரம் ஓடியதில் கணக்கு 0.34 விநாடி பிசகி, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பணக் கணக்குக்குத் தரவுத்தளங்கள் தனியாக ஒரு தசம வகை வைத்திருப்பது இத்தகைய பிசகைத் தவிர்க்கத்தான். ஆனால் மூன்றிலொன்றுக்கு அதுவும் உதவாது.

பத்திர எழுத்தர் செய்வதையே செய்யலாம்: தொகுதி 1, பகுதி 3 என்று இரண்டு முழு எண்களாக வைப்பது. இதற்கும் விலை உண்டு. 2/6-ம் 1/3-ம் ஒன்றுதான் என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. சுருக்கித்தான் சேமிக்க வேண்டும். 5/12 பெரிதா 3/7 பெரிதா என்று பார்க்கக் குறுக்கே பெருக்க வேண்டும்: 35, 36, ஆக 3/7 பெரிது. தலைமுறைக்குத் தலைமுறை பகுதியும் வீங்கும். மூன்றிலொன்று வைத்திருப்பவருக்கு நாலு பிள்ளைகள் என்றால் 1/12, அவர்களில் ஒருவருக்கு ஐந்து என்றால் 1/60. 1989 வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் மகள்களும் பாகக் கணக்கில் வந்தார்கள். வரவேண்டியதுதான், பகுதி எண்ணும் ஏறும்.

அதற்காகப் பரப்பையும் பின்னமாக்க வேண்டாம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று தசமத்தில் இருப்பது அளந்து எடுத்த எண். அளவுச் சங்கிலியின் பிழை அதில் ஏற்கெனவே இருக்கிறது. பாகத்தை மட்டும் பின்னமாக வைத்துப் பரப்போடு பெருக்கி, அச்சடிக்கும்போது தசமத்தைச் சுருக்கினால் போதும்.