கோயிலுக்குப் போகுமுன்...

தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், சற்றுத் தள்ளி ஓஃபிர் ரோட்டிலுள்ள லூர்து அன்னை ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். கடல் கடந்து வந்த தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-ல் கட்டப்பட்ட கோயில் அது. இன்றும் அங்கே தமிழில் திருப்பலி உண்டு.

ஆனால் ஞாயிறு பூசை மட்டும் போதுமா? மனத்தாங்கல் கொண்ட சகோதரனோடு முதலில் சமாதானமாகி, பிறகு காணிக்கை செலுத்தச் சொன்னார் இயேசுநாதர். வாரமெல்லாம் பேசாத கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் முழந்தாளிட்டு என்ன பயன்?

இராச் சாப்பாட்டுக்குப்பின் குடும்பமாக உட்காருங்கள். மனம் நொந்தவரிடம் முதலில் ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள். பிறகு பாட்டி செபமாலையைத் தொடங்கட்டும். ஆங்கிலம் படிக்கும் பேரனும் தமிழில் பதில் சொல்லட்டும். அந்த வீட்டில் ஆண்டவர் நிச்சயம் தங்குவார்.