சிவப்பு விளக்கை நம்பாதீர்கள்!



எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். கல்லாவில் வரும் ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் உள்ளே போடுகிறோம். ஆனால் மின்சாரம் போனால் எரியவேண்டிய எமர்ஜென்சி விளக்கு உண்மையில் எரிகிறதா என்று நம்மில் எத்தனை பேர் சோதித்துப் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. அதற்கு என்னிடம் வேலை பார்க்கும் தம்பிதான் விலை கொடுத்தான்.

அம்பத்தூரில் எனக்கு மளிகைக் கடை. மாடியில் சரக்கு அறை. மாடிப்படியின் மேல் தளத்தில் எமர்ஜென்சி விளக்கு ஒன்று மாட்டியிருந்தேன். அதன் சிவப்புப் புள்ளி எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மாலை, வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. சர்க்கரை மூட்டையோடு படியிறங்கிக்கொண்டிருந்த தம்பி இருட்டில் கால் தவறி விழுந்தான். கணுக்கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தான். எரிந்திருக்கவேண்டிய விளக்கு எரியவே இல்லை.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் விளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, சிவப்பு லைட் எரிஞ்சா கரண்டு வருதுன்னுதான் அர்த்தம். பேட்டரி உயிரோட இருக்குன்னு அர்த்தமில்ல.”

பேட்டரி ஏன் செத்தது?

காரணம் கேட்டபோது வெட்கமாகிவிட்டது. நம்மில் பலரைப் போல நானும் இரவு கடை அடைக்கும்போது மெயினை இறக்கிவிட்டு ஷட்டரைப் பூட்டுகிறவன். மின்கசிவால் தீப்பிடித்துவிடக் கூடாதே என்ற பயம்தான். ஆனால் மெயினை இறக்கியதும், மின்சாரம் போய்விட்டது என்று எமர்ஜென்சி விளக்கு நினைத்துக்கொள்ளும். பூட்டிய கடைக்குள், யாரும் இல்லாத மாடிப்படிக்கு, பேட்டரி தீரும்வரை வெளிச்சம் காட்டும். இப்படித் தினமும் அடிவரை வடிந்தால் ஈயப் பேட்டரி சீக்கிரமே கெட்டுவிடும். விளக்கை வாங்கியவனும் நான், அதைக் கொன்றவனும் நான்.

இதற்கு வழி எளிது. படி, நடைபாதை விளக்குகளுக்குத் தனி எம்.சி.பி. வைக்கச் சொல்லுங்கள். எமர்ஜென்சி விளக்குக்கான லைனை அந்த எம்.சி.பி.யிலிருந்து, சுவர் ஸ்விட்சுக்கு முன்னாலேயே எடுக்கவேண்டும். ஸ்விட்சுக்குப் பின்னால் எடுத்தால், விளக்கை அணைக்கும்போதெல்லாம் சார்ஜ் நின்றுவிடும். இரவில் அந்த ஒரு எம்.சி.பி.யையும் ஃபிரிட்ஜ் லைனையும் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இறக்கலாம். மின்கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்தப் பயமும் குறையும். ஃபிரிட்ஜ் லைனிலேயே எமர்ஜென்சி விளக்கையும் கொடுத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். படி விளக்கின் எம்.சி.பி. மட்டும் விழுந்தால், ஃபிரிட்ஜ் லைனில் உள்ள விளக்குக்கு அது தெரியாது.

“இன்வெர்ட்டர் இருக்கிறதே!”

இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இன்வெர்ட்டர் மின்சாரமும் அதே ஒயரிங் வழியாகத்தான் வருகிறது. ஷார்ட் ஆகி அந்த லைன் துண்டிக்கப்பட்டாலோ, இன்வெர்ட்டர் இருக்கும் இடத்திலேயே புகை கிளம்பினாலோ கடை முழுதும் இருட்டுத்தான். பேட்டரியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் விளக்குக்கு ஒயர் அறுந்தாலும் கவலையில்லை. இப்போது மலிவாகக் கிடைக்கும் பேட்டரி பல்புகளிலும் ஒரு சங்கதி உண்டு. தெருவில் மின்சாரம் போனால் எரியும் சில பல்புகள், நம் எம்.சி.பி. விழும்போது, யாரோ ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடும். எம்.சி.பி.யை இறக்கிப் பார்த்தால்தான் இது தெரியும்.

இருட்டு செய்யும் கொடுமை

1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியது. மின்சாரம் நின்றது. இருட்டில் வழி தெரியாமலும், தெரிந்த வழி அடைபட்டும் 59 பேர் உயிரிழந்தார்கள். அவசர விளக்குகள் இல்லாததும், வழியை மறித்துப் போட்டிருந்த கூடுதல் இருக்கைகளும் அந்த வழக்கில் குறைகளாகச் சுட்டிக்காட்டப்பட்டன. நம் கடையில் கூடுதல் இருக்கை இல்லை. ஆனால் நடைபாதையில் இறக்கி வைத்த அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இருக்கின்றன அல்லவா?

நம் பகுதிக்கு வெள்ளம் வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் மின்சாரமின்றித் தவித்ததை நாம் மறக்கவில்லை. கடைக்குள் தண்ணீர் ஏறினால் மெயினை நாமே இறக்கித்தான் ஆகவேண்டும். சரக்கை மேலே ஏற்ற அப்போது பேட்டரி வெளிச்சம்தான் கதி. கற்பூரமும் தீப்பெட்டியும் எண்ணெயும் சாக்கும் குவிந்த மளிகைக் கடையில் மெழுகுவத்தி ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

எங்கே மாட்டுவது?

மாடிப்படியின் தலைப்பில் ஒன்று, படி திரும்பும் இடத்தில் ஒன்று, வெளியேறும் கதவுக்கு மேல் ஒன்று, எம்.சி.பி. பெட்டி அருகில் ஒன்று. சிறு கடைக்கு இது போதும். தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாத உயரம் இருக்கட்டும். நாளை அடுக்கப்போகும் மூட்டை வெளிச்சத்தை மறைக்குமா என்பதையும் இன்றே யோசியுங்கள்.

அஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை போட்ட கிடங்குகளில் கூரையை ஒட்டி மாட்டாதீர்கள். ஈயப் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் தகரத்தின் கீழ் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சற்றுக் கீழே, சுவரில் மாட்டுங்கள். எலி கடிக்காதபடி ஒயரைப் பைப்புக்குள் கொண்டுபோங்கள். வாங்கும்போது பேட்டரியின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மாட்டிய தேதியை விளக்கின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

அமாவாசைக்கு ஒரு நிமிடம், ஆயுத பூஜைக்கு ஒன்றரை மணி

சோதனைக்குத் தனியாக நாள் பார்க்கவேண்டாம். அமாவாசைதோறும் கடைக்குப் பூஜை போட்டுத் திருஷ்டி கழிக்கிறோம். அது முடிந்ததும் படி விளக்கின் எம்.சி.பி.யை இறக்குங்கள். எல்லா எமர்ஜென்சி விளக்குகளும் உடனே எரிகின்றனவா, கடைசிப் படி கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். அமாவாசைப் பூஜை வழக்கம் இல்லாதவர்கள் மாதத்தின் முதல் தேதியை வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை வேண்டும். எவ்வளவு சிறிய இடமானாலும் அவசர விளக்கு ஒன்றரை மணி நேரம் எரியவேண்டும் என்பது நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைத்துத் தராசுக்குப் பொட்டு வைக்கும் நாளில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எரியவிடுங்கள். முன்னதாகவே மங்கிப்போனால் பேட்டரியை மாற்றவேண்டும். முழுதும் வடிந்த பேட்டரி மீண்டும் நிரம்ப ஒரு நாள் வரை ஆகலாம். ஆகவே பாதி விளக்குகளை அன்றும், மீதியை அடுத்த வாரமும் சோதியுங்கள். எரிந்த நிமிடங்களைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பழைய ஈயப் பேட்டரியைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

என் கடையில் இப்போது நான்கு விளக்குகள். சென்ற ஆயுத பூஜைச் சோதனையில் மூன்று தேறின, ஒன்று இருபதாவது நிமிடத்தில் அணைந்தது. அதன் சிவப்புப் புள்ளி மட்டும் அன்று காலைவரை அழகாக எரிந்துகொண்டுதான் இருந்தது. தம்பி குணமாகி வேலைக்கு வந்துவிட்டான். அமாவாசைதோறும் எம்.சி.பி.யை இறக்குவது இப்போது அவன் பொறுப்பு. ஒருமுறைகூட அவன் மறந்ததில்லை.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் கடை எம்.சி.பி.யை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.