ஆய்லர் நிரூபித்த பத்து இலக்கப் பகா எண்

1772இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து கணித மேதை லியோனார்ட் ஆய்லர், கணிதர் பெர்னூலிக்கு ஒரு கடிதம் எழுதினார். 2147483647 ஒரு பகா எண் என்ற செய்தி அதில் இருந்தது. அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. அப்போது ஆய்லர் அறுபது வயதைக் கடந்திருந்தார். பார்வையும் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது.

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். 3, 7, 31, 127 ஆகியவையும் இதே முறையில் பிறப்பவைதான். இத்தகைய பகா எண்களுக்கு, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயர் நிலைத்திருக்கிறது. 1644இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 31 என்ற அடுக்கும் உண்டு. ஆனால் நிரூபணம் இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது: 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23 × 89 என்று உடைந்துவிடுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பதென்றால் 46,340 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஏறத்தாழ 4,800. ஆய்லர் அவற்றைச் சல்லடை போட்டுச் சலித்தார். 2047இன் காரணிகளைப் பாருங்கள். 23, 89 இரண்டையும் 11இன் இருமடங்கான 22ஆல் வகுத்தால் மீதி 1. எட்டால் வகுத்தால் 23க்கு மீதி 7, 89க்கு 1. இது தற்செயல் அல்ல. அதே விதிப்படி, 2147483647க்குப் பகாக் காரணி இருந்தால் அதை 62ஆல் வகுக்கும்போது 1தான் மிஞ்ச வேண்டும். எட்டால் வகுக்கும்போது 1 அல்லது 7. இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும் பகா எண்கள் நூறுகூட இல்லை. அவற்றில் எதுவும் வகுக்கவில்லை.

இதனால் யாருக்கு என்ன பயன்? தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவு எண்; இந்த எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவு எண்ணைத் தாண்டி யாரும் தேடப்போவதில்லை, நிறைவு எண்கள் வெறும் விந்தைகளே என்று 1811இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதினார். ஆனால் தேடல் நிற்கவில்லை. 1876இல் கணிதர் எதுவார் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணை நிரூபித்தார். 2024இல் கிடைத்த மெர்சென் பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்!

பயனும் வந்தது. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி பெருக்குங்கள். 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை தலைகாட்டிய பிறகே சுற்று திரும்பத் தொடங்கும். கணினிகள் பல ஆண்டுகளாகச் சமவாய்ப்பு எண்களை இப்படி உருவாக்கின. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இவ்வளவு நீண்ட சுற்று கிடைக்கிறது.

கணினியின் இரும எழுத்தில் 2147483647 என்பது 31 ஒன்றுகள். எனவே கூட்டல், கழித்தல் குறிக்கு ஓரிடம் ஒதுக்கிய 32 பிட் அறையில் அடங்கும் மிகப் பெரிய எண்ணும் இதுவே. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய மென்பொருள்கள், 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடியில் எண் எதிர்மறையாக மாறி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். அதற்குள் அவற்றை 64 பிட்டுக்கு மாற்றும் வேலை நடந்துவருகிறது.