வண்ணப் பிலிமில் நிறம் பிறழ்வது ஏன்?

வண்ணப் பிலிமைத் தம் இல்லத்திலேயே கழுவும் அன்பர்கள் என்றேனும் ஒரு நாள் திகைத்து நிற்பதுண்டு. வெண்ணிறச் சுவர் பச்சை பாய்ந்தும், மக்களின் முகம் சிவந்தும் காணப்படும். உடனே நெகடிவை எறிந்துவிடலாகாது. மீண்டும் எடுக்க இயலாத காட்சி அதில் இருக்கக்கூடும். நோய் இன்னதென அறிந்த பின்னரே மருந்து.

வண்ண நெகடிவில் ஒளியை ஏற்கும் படலங்கள் மூவகை. நீல ஒளியை ஏற்பது மஞ்சள் சாயத்தையும், பச்சையை ஏற்பது மெஜந்தாச் சாயத்தையும், சிவப்பை ஏற்பது சயான் என்னும் நீலப்பச்சைச் சாயத்தையும் உண்டாக்குகின்றன. இம்மூன்றும் ஒத்து வளர்ந்தாலன்றி நிறம் செம்மையுறாது. 1972ஆம் ஆண்டு கோடக் நிறுவனம் அறிமுகப்படுத்திய சி-41 முறையில், டெவலப்பரின் வெப்பம் 37.8 செல்சியஸ் பாகை. நேரம் 3 நிமிடம் 15 விநாடி. வெப்பம் 0.15 பாகைக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது விதி.

இனிச் சோதனைக்கு வருவோம். நெகடிவின் செம்மஞ்சள் அடிநிறத்தைக் கழித்தே ஸ்கேனர் படத்தைத் தருகிறது. அக்கணக்கு தவறினாலும் நிறம் பிறழும். ஆதலின் முதலில் ஐயுறத்தக்கது ஸ்கேனரே. சில படங்கள் மட்டும் பிறழ்ந்திருப்பின், பெரும்பாலும் ஒளியே காரணம். பகல் ஒளிப் பிலிமில் குண்டுவிளக்கு மஞ்சளையும், குழல்விளக்கு பச்சையையும் ஏற்றும். இவை திருத்தக்கூடியவை.

சுருள் முழுவதும் நிழலில் ஒரு சாயலும் வெளிச்சத்தில் வேறு சாயலும் தோன்றினால், டெவலப்பரின் வெப்பத்தையோ பழமையையோ ஐயுறவேண்டும். படலங்கள் வெவ்வேறு அளவில் வளர்ந்துவிட்டமையால் இதனை முற்றும் நீக்குதல் அரிது. டெவலப்பரில் பிளீச்-பிக்ஸ் கலந்துவிட்டால் அதனைக் கொட்டிவிடுவதே நன்று.

ஆனால் நிறங்கள் மங்கி, படம் கருமையோடியிருந்தால் மனந்தளர வேண்டா. பிளீச் வலுவிழந்தமையால் வெள்ளி முழுதும் நீங்காமல் நின்றிருக்கலாம். சயான் சாயமும் நிறம் பெறாது நிற்பதுண்டு. புதிய பிளீச்சிலும் பின்னர் பிக்ஸரிலும் மீண்டும் இட்டுக் கழுவினால் படம் பெரும்பாலும் தேறிவிடும். இதற்கு இருட்டறையும் வேண்டுவதில்லை.

வரும்முன் காத்தலே சிறப்பு. புட்டிகளை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துக. ஒவ்வொரு திரவத்துக்கும் தனிக்கலம் கொள்க. கழுவிய சுருள்களை எண்ணி எழுதுக. ஒவ்வொரு சுருளின் முதற்படமாகச் சாம்பல்நிற அட்டையொன்றைப் பகல் ஒளியில் எடுத்துவைத்தால், பிழை நேருங்கால் அதுவே சாட்சி கூறும்.