கமமும் பாடசாலைப் பகலுணவும்

வற்றாப்பளை என்றவுடன் கண்ணகை அம்மன் கோயிலும், கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலும் பலர்க்கும் நினைவு வரும். நந்திக்கடலோரத்து அவ்வூரிற் கமஞ்செய்வோரின் பிள்ளைகள் பாடசாலையில் எதனை உண்கின்றனர் என வினவுவோர் மிகச் சிலரே. முல்லைத்தீவு நெல்லும் நிலக்கடலையும் விளையும் மாவட்டம். முருங்கை நில்லாத வளவு அங்கு அரிது. அங்ஙனமிருந்தும் பாடசாலைச் சமையலிற் பெரும்பாலும் இடம்பெறுவது கடல் கடந்து வரும் மைசூர்ப் பருப்பேயாம்.

இவ்வழக்கம் புதியதன்று. முற்காலத்திற் பாடசாலைகளில் வழங்கிய இலவச பணிஸை மூத்தோர் மறந்திரார். கோதுமை விளையாத நாட்டிற் கோதுமைப் பணிஸ் பிள்ளையின் பசியை ஆற்றியது உண்மை; அதனால் ஊர்க் கமக்காரனுக்கு ஒரு சதமேனும் சேர்ந்ததில்லை.

ஊர் விளைவை யாம் வேண்டுவது ஊர்ப்பற்றினால் மட்டுமன்று. நம்மவர் நெல்லை ஊறவைத்து அவித்துக் குற்றும் வழக்கத்தை நோக்குக. அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் விற்றமினின் ஒரு பகுதி நீருடன் அரிசியினுள்ளே செல்கின்றது. ஆதலின் ஆலையிலே தவிடு நீங்கினும் அது முற்றும் அழிவதில்லை. யாவாத் தீவிலே தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நோயுற்றதை 1890களிற் கண்ட ஒல்லாந்த வைத்தியர் ஐக்மனுக்கு 1929இல் நோபெற் பரிசு கிடைத்தது. எம் பாட்டிமார் பரிசு எதுவும் பெறாமலே நெல் அவித்தனர்! முருங்கையிலை வறையும் அத்தகையதே. அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கத் தேசிப்புளி துணைசெய்யும். உண்டவுடன் அருந்தும் தேநீர் தடைசெய்யும். கரும்பலகையில் எழுதிய பாடத்தை அன்றைய கோப்பையிலேயே காட்டக்கூடுமாயின் மாணவன் அதனை எளிதில் மறவான்.

பின் தடை யாது? விளைச்சற் குறைவென்பர் பலர். யான் அறிந்த தடை கடனே. பாடசாலைக்குச் சமைத்துக் கொடுக்கும் தாய்மார் முதலிற் பொருள்களை வாங்கிச் சமைக்கின்றனர். அதற்குரிய பணம் பின்னரே வருகின்றது. முன்னர் யான் கற்பித்த ஒரு பாடசாலையில் அப்பணம் மாதக்கணக்காகப் பிந்தியதுண்டு. கடைக்காரர் அதுவரை கொப்பியில் எழுதிக்கொண்டு பருப்புக் கொடுத்தார். காலையிற் கீரை விற்று மாலையில் அரிசி வாங்கும் மூதாட்டிக்கு அது இயலுமா? கீரை தோற்றதும் பருப்பு வென்றதும் சத்தினாலன்று, தவணையினாலேயே.

பிறேசில் நாட்டார் இதனைச் சட்டத்தால் அணுகினர். பாடசாலை உணவுக்கென நடுவணரசு கொடுக்கும் பணத்தில் 30 வீதத்திற்குக் குறையாமற் குடும்பக் கமக்காரரிடமிருந்து கொள்வனவு செய்தல் வேண்டுமென 2009இல் விதித்தனர். விலை உள்ளூர்ச் சந்தை விலைக்கு ஒத்திருந்தால், கேள்விப்பத்திர முறையின்றியே வாங்கவும் இடமளித்தனர். பெருவணிகரோடு போட்டியிட இயலாத சிறு கமக்காரனுக்கு வாயில் திறந்தது இவ்விதியே என்பது என் கருத்து.

வன்னியிற் காலபோக நெல் தை, மாசியில் வீடு சேரும். கடன் நெருக்கத்தால் அப்பொழுதே மலிவாக விற்கப்படும் நெல்லிற் சிறு பங்கைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து, மாதந்தோறும் அவித்துக் குற்றிப் பாடசாலைக்குக் கொடுத்தல் கூடும். பயறும் நிலக்கடலையும் உலர்ந்தவை; அவையும் காத்திருக்கும். கீரை காத்திராது. அதற்குக் கிணற்றுத் தோட்டமுள்ள நாலைந்து குடும்பங்களோடு கிழமை முறை வகுத்து, கொடுத்த அன்றே காசு கொடுத்தல் வேண்டும். பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்து சிறு முற்பண நிதியொன்றை வைத்து, அரசின் பணம் வந்ததும் அதனை மீள நிரப்பலாம். ஒரு தவணைக் காலத்துக் கீரைக்கு வேண்டும் தொகை, ஒரு பரிசளிப்பு விழாவின் பந்தற் செலவிலும் பெரிதாயிராது.