மக்காவ் புனித பவுல் கல்லூரி: எஞ்சிய முகப்பும் கல்லெழுத்தும்

முன்னுரை

தென்சீனக் கடற்கரை நகரான மக்காவில், அகன்ற படிக்கட்டின் உச்சியில் ஒரு கற்சுவர் தனித்து நிற்கிறது. புனித பவுல் ஆலயத்தின் சிதைவு என அறியப்படும் இச்சுவர், இயேசு சபையினரின் கல்லூரி வளாகத்தைச் சார்ந்ததாகும். கற்பித்தலே அவ்வளாகத்தின் தலையாய பணி என்பதற்கு அதன் கல்லெழுத்துகள் சான்றாவதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

இயேசு சபையின் கீழைநாட்டுப் பணிகளை மேற்பார்வையிட்ட அலெசாண்ட்ரோ வலிஞானோ 1594-இல் இக்கல்லூரியை நிறுவினார். சீனாவுக்கும் சப்பானுக்கும் செல்லவிருந்த குருக்கள் இங்குப் பயிற்சி பெற்றனர். முந்தைய ஆலயம் 1601-இல் எரிந்துபோக, 1602-இல் புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அதன் முகப்பு 1640-ஐ ஒட்டி நிறைவுற்றது. 1762-இல் சபையினர் வெளியேற்றப்பட்டனர். பின்னர் வளாகம் படைவீரர் தங்குமிடமாயிற்று. 1835-இல் மூண்ட தீயில் பிற பகுதிகள் அழிய, கருங்கல் முகப்பே பெரிதும் எஞ்சியது.

முகப்பின் அமைப்பு

முகப்பின் வடிவமைப்பை இத்தாலியரான கார்லோ ஸ்பினோலாவுக்கு உரியதாகக் கூறுவது மரபு. சப்பானியக் கிறித்தவரும் உள்ளூர்க் கைவினைஞரும் இதனைச் செதுக்கினர். கீழ்நிலையில் மூன்று வாயில்கள் உள்ளன. நடுவாயிலின் மேல் 'இறைவனின் தாய்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் நிலையின் மாடங்களில் சபைப் புனிதர் நால்வரின் சிலைகள் உள்ளன. அவருள் ஒருவர், தமிழகத்து முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார். மூன்றாம் நிலையில் மரியன்னையும், நான்காம் நிலையில் இயேசுவும், உச்சியில் தூய ஆவியைக் குறிக்கும் புறாவும் இடம்பெறுகின்றனர்.

கல்லெழுத்தும் பொருளும்

மூன்றாம் நிலையில் மட்டும் சிற்பங்களை அடுத்துச் சீன எழுத்துகள் காணப்படுகின்றன. எலும்புக்கூட்டின் அருகில் உள்ள தொடர், சாவை நினைப்பவன் பாவம் செய்யான் என்னும் கருத்தை உணர்த்துகிறது. ஏழு தலை விலங்கை அன்னை மிதிக்கும் சிற்பத்தருகே, அவள் டிராகனின் தலையை மிதிப்பதாக எழுதப்பட்டுள்ளது. திருவெளிப்பாடு நூலில் தீமையின் உருவாக வரும் இவ்விலங்கைக் குறிக்க ஆளப்பட்ட சொல், சீன மரபில் அரச மாட்சிக்கும் நற்பேற்றுக்கும் உரியதாகும். எனவே, ஒரே சிற்பம் இரு மரபினருக்கும் ஒரே பொருளைத் தந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. மொழிபெயர்ப்பில் நேரும் இச்சிக்கல் கல்லிலேயே பதிவாகியுள்ளது.

முடிவுரை

இலத்தீன் தொடர் அம்மொழி அறிந்தோரை நோக்கியது. சீனத் தொடர்கள் உள்ளூர் மக்களை நோக்கியவை. இவற்றை வெறும் அணிவேலைப்பாடாகக் கொண்டால் முகப்பு அழகிய சிதைவாக மட்டுமே எஞ்சும். சிற்பத்தோடு சேர்த்துப் படிக்கும்போதே அது கல்லூரியின் ஆவணமாகிறது.