கண்ணாடிக்குள் ஒரு கடல் – 9: மிஞ்சிப்போகும் உப்பு

போன வாரம் சுண்ணாம்புத் தெளிநீரைப் பார்த்தோம். படித்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். வாராவாரம் பத்து சதவீதத் தண்ணீரை மாற்றுகிறோம். புதுத் தண்ணீரிலேயே கால்சியமும் காரத்தன்மையும் உண்டு. பிறகு அவற்றைத் தனியாக ஊற்றும் டோஸிங் எதற்கு?

கல்பவளங்கள் செழிப்பாக வளரும் 200 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். (நம் கடலிலிருந்து கல்பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.) அவை கூடு கட்ட நாளுக்கு 1 டிகேஎச் காரத்தன்மையை எடுத்தால், கூடவே லிட்டருக்கு 7 மில்லிகிராம் கால்சியமும் போகும். வாரத்துக்கு 7 டிகேஎச், 50 மில்லிகிராம் கால்சியம். பத்து சதவீதம் மாற்றினால், போனதில் பத்தில் ஒரு பங்குதான் திரும்பும். மீதியை அன்றாடம் ஊற்றித்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் ஊற்றினால் மட்டும் போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டெஸ்ட் கிட் காட்டும் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். கிட் காட்டாத ஒன்று அடியில் சேர்ந்துகொண்டே போகும்.

டோஸிங்குக்குப் பலரும் கையாளும் இரண்டு புட்டி முறையைப் பாருங்கள். ஒரு புட்டியில் கால்சியம் குளோரைடு, மற்றதில் சோடியம் பைகார்பனேட். பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ளும். சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரண உப்பு, தண்ணீரிலேயே தங்கிவிடும். நம் தொட்டியில் அது வாரத்துக்கு 29 கிராம்; ஓர் ஆண்டில் ஒன்றரைக் கிலோ. தொட்டியில் இருக்கும் மொத்த உப்பே ஏறக்குறைய 7 கிலோதான். உவர்ப்பு ஏறுகிறதே என்று நல்ல தண்ணீர் விட்டுச் சமன் செய்தால், பொட்டாசியமும் சல்பேட்டும் நீர்த்துப்போகும். உவர்ப்பு 35 என்று மீட்டர் காட்டும், ஆனால் உள்ளே இருப்பது கடல்நீரின் கலவை அல்ல. ஹான்ஸ் பாலிங் தம் டோஸிங் முறையில் சோடியம் குளோரைடு நீக்கிய உப்பை மூன்றாவதாகச் சேர்த்தது இதற்காகத்தான்.

வாராவாரம் பத்து சதவீதம் மாற்றுகிறவருக்கு இந்த மிச்சம் பத்து வாரச் சேர்மானத்தைத் தாண்டாது. 290 கிராமோடு நின்றுவிடும். தண்ணீர் மாற்றுவதன் பெரிய பயன் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பவளத்துக்குத் தீனி போடுவது டோஸிங். எச்சத்தை வெளியேற்றுவது தண்ணீர் மாற்றம்.

தண்ணீர் மாற்றும் நாளில் ஓர் ஆபத்தும் உண்டு. சில உப்புக் கலவைகள் 12 டிகேஎச் வரை காட்டும். 8-இல் இருக்கும் தொட்டியில் அந்தத் தண்ணீரைக் கால் பங்கு ஊற்றினால் ஒரே மூச்சில் 9 ஆகிவிடும். அன்றைய டோஸும் சேர்ந்தால் இன்னும் ஏறும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைந்த தொட்டிகளில் அக்ரோபோரா என்ற கல்பவளத்தின் நுனி இப்படிப்பட்ட ஏற்றத்துக்குப் பிறகு வெளுத்துக் கருகுவதுண்டு.

ஆகவே இந்த வாரம் தொட்டியை அளப்பதோடு நிறுத்தாதீர்கள். ஊற்றுவதற்கு முன் வாளியில் கலந்துவைத்த தண்ணீரின் காரத்தன்மையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.